சாயத்தண்ணி: 1856-லிருந்து நொய்யல் வரை

1/
"சாயத்தண்ணினால கேன்சர் வருமுங்களா டாக்டர்?"

திருப்பூர் பக்கம் வேலை பார்க்கற எந்த அரசு டாக்டரும் வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். ஓபி-ல ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம். அதுக்குள்ள ஒழுங்கா பதில் சொல்ல முடியாது. அதனால இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
கதை திருப்பூர்ல ஆரம்பிக்கல. 1856, லண்டன். வில்லியம் பெர்கின்னு 18 வயசுப் பையன். மலேரியாவுக்கு அப்போ இருந்த மருந்து குயினைன், அது ஒரு மரப்பட்டையிலிருந்துதான் கிடைக்கும். அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்ய முடியுமான்னு ஈஸ்டர் லீவுல வீட்டுலயே முயற்சி பண்ணினார்.

3/
குயினைன் வரல. கறுப்பா ஒரு கசடு வந்துச்சு. அதை ஆல்கஹால் ஊத்திக் கழுவினா அழகான ஊதா நிறம். பட்டுத்துணியில் தோய்த்தா பிடிச்சுக்கிட்டுது, சலவைக்கும் போகல. உலகத்துல ஆலையில் செஞ்சு விற்கப்பட்ட முதல் செயற்கைச் சாயம் அதுதான்: மாவ்.

மருந்து தேடப் போய் சாயம் கிடைச்சது. இதை ஞாபகம் வச்சுக்கங்க.

4/
அதுவரைக்கும் சாயம்னா அவுரி, மஞ்சிட்டி, சாயவேர், கடுக்காய். பெர்கினுக்கு அப்புறம் முப்பது வருஷத்துல ஜெர்மனியில் பெரிய பெரிய சாய ஆலைகள் வந்தாச்சு. அதில் முக்கியமான குடும்பம் 'அஸோ' சாயங்கள். ரெண்டு நைட்ரஜன் அணு கைகோத்து நிக்கும். அந்தக் கைகோப்புதான் நிறத்தைக் கொடுக்குது. இன்னைக்கும் உலகத்துல அதிகம் பயன்படற சாயக் குடும்பம் இதுதான்.

5/
1895-ல ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து சர்ஜன் லுட்விக் ரென் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். அவர்கிட்ட சிறுநீர்ப்பைக் கேன்சரோட வந்தவங்கள்ல சிலர் சாய ஆலையில் வேலை செய்தவங்க. அரிதான வியாதி ஒரே தொழிலில் இருக்கறவங்களுக்குத் தொடர்ந்து வந்தா அது தற்செயல் இல்லைன்னு மருத்துவ மாநாட்டில் சொன்னார்.

6/
அவர்கிட்ட ஸ்கேன் கிடையாது. லேப் வசதி பெருசா கிடையாது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நீ என்ன வேலை பார்க்கிற?"

பின்னாடி வந்த ஆய்வுகள் குற்றவாளியைக் கண்டுபிடிச்சது: பென்சிடின், 2-நாப்தைலமின் மாதிரியான அரோமேட்டிக் அமீன்கள். மனுஷனுக்குக் கேன்சர் உண்டாக்கும்னு சந்தேகமே இல்லாம நிரூபிக்கப்பட்ட முதல் பட்டியலில் இன்னைக்கும் இருக்கு.

7/
இங்க ஒரு அழகான திருப்பம். 1932-ல ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் ஒரு சிவப்பு அஸோ சாயத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏத்தின எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் பிழைச்சுது. அதுதான் ப்ரான்டோசில். கிருமித் தொற்றால் சாகக் கிடந்த தன் மகளுக்கே கொடுத்துக் காப்பாத்தினார். 1939-ல நோபல் பரிசு.

8/
ஆனா ஒரு புதிர். அதே மருந்தைக் கண்ணாடிக் குழாயில் கிருமி மேல ஊத்தினா கிருமி சாகல. உடம்புக்குள்ள போனாத்தான் வேலை செஞ்சது. ஏன்?

1935-ல பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல விடை கிடைச்சது. உடம்புக்குள்ள அந்த அஸோ கைகோப்பு உடையுது. உடைஞ்ச ஒரு துண்டுதான் சல்ஃபா. நாங்க எழுதற செப்ட்ரான் மாத்திரையில் இருக்கற சல்ஃபாவுக்கு அதுதான் மூதாதை.

9/
அதாவது அஸோ சாயம் உடம்புக்குள்ளயோ, காற்றில்லாத சேற்றிலயோ போனா பாக்டீரியா அதைப் பிளக்கும். பிளந்தா அமீன் வெளிய வரும். எந்த அமீன் வருதுங்கறதுதான் கேள்வி. ஒரு சாயத்தில் மருந்து வந்துச்சு. இன்னொரு சாயத்தில் பென்சிடின் வரும்.

நிறம் போயிடுச்சுன்னா விஷம் போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒரு வரி கடைசி வரை வேணும்.

10/
இப்போ ஊருக்கு வருவோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியா வந்து கரூர் மாவட்டம் நொய்யல் கிராமத்துல காவிரியில் சேர்ற ஆறு நொய்யல். பழைய பேர் காஞ்சிமாநதி. மழைக்காலத்து ஆறு. அதனாலதான் முன்னோர்கள் வழியெல்லாம் தடுப்பணையும் குளமும் சங்கிலி மாதிரி கோத்து வச்சாங்க.

11/
திருப்பூரில் பனியன் தொழில் 1920-களில் தொடங்குது. அம்பது வருஷம் பெரும்பாலும் வெள்ளை உள்ளாடைதான். வெள்ளைக்குத் தேவை சலவைப்பட்டறை. பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்த தண்ணி ஆத்துல போச்சு. அளவு சின்னது, ஆறும் தாங்கிச்சு.

12/
1970-களின் கடைசியில் இத்தாலிக்காரங்க வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தாங்க. அப்புறம் ஐரோப்பியக் கடைகள் வரிசையா வந்துச்சு. 1985-ல ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1990-ல சுமார் 300 கோடி. அஞ்சு வருஷத்துல இருபது மடங்கு.

ஏற்றுமதி ஆர்டர் வெள்ளையோட நிக்கல. கலர் கேட்டாங்க.

13/
கலர்னா சாயப்பட்டறை. 1981-ல விரல் விட்டு எண்ணக்கூடிய சில பட்டறைகள். 2000 வாக்குல எழுநூறுக்கு மேல. பெரும்பாலும் நொய்யல் கரையிலயும், அதில் சேர்ற ஓடைகள் கரையிலயும். காரணம் சிம்பிள்: கழிவை விட ஒரு வழி வேணும்.

14/
பருத்திக்கு ஏத்தது 'ரியாக்டிவ்' சாயம். 1956-ல பிரிட்டன் கம்பெனி ஐ.சி.ஐ. சந்தைக்குக் கொண்டுவந்தது. பருத்தி இழையோட ரசாயனப் பிணைப்பு போடும், கெட்டியா நிக்கும். ஆனா சாயம் முழுக்க ஒட்டாது. நிறத்தைப் பொறுத்து கால் பங்கு, சில சமயம் அதுக்கு மேலயும், ஒட்டாம தண்ணியிலயே தங்கிடும்.

15/
சாயத்தைத் துணி பக்கம் தள்ள உப்பு வேணும். அடர் நிறத்துக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல உப்பு. கூட சோடா, காஸ்டிக், சோப்பு ஆயில், அசிட்டிக் ஆசிட். பழைய வின்ச் மெஷின்ல ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கு மேல தண்ணி.

உப்பு துணியில் தங்கறதே இல்ல. போட்டது மொத்தமும் வெளிய போகும்.

16/
தொழில் உச்சத்துல இருந்தப்போ ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கோடி லிட்டர் சாயக்கழிவு. மழை இல்லாத மாசத்துல நொய்யல்ல ஓடினது ஆத்துத் தண்ணியே இல்ல, சாயத்தண்ணியும் சாக்கடையும்தான். அடுத்த சீசன்ல என்ன கலர் ஃபேஷன்னு தெரிஞ்சுக்க ஆத்தைப் பார்த்தா போதும்னு ஊருக்குள்ள ஜோக்கே உண்டு.

17/
இதே நேரத்துல, திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல அரசு ஒரு அணை கட்டிக்கிட்டு இருந்துச்சு. 1984-ல ஆரம்பிச்சு 1990-களின் தொடக்கத்துல திறந்தாங்க. செலவு 16 கோடி சொச்சம். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம் கொடுக்கறதுதான் திட்டம்.

18/
மேல எழுநூறு பட்டறை. கீழ ஒரு அணை. என்ன ஆகும்? அணை சாயக்கழிவுத் தொட்டி ஆச்சு. தேங்கின உப்பும் ரசாயனமும் மண்ணுக்குள்ள இறங்கி சுத்தி இருந்த கிணறுகளுக்குப் போச்சு. தென்னை காய்ப்பு விட்டுச்சு, மஞ்சள், வாழை போச்சு, மாடு அந்தத் தண்ணியைக் குடிக்க மறுத்துச்சு.

19/
அணை கட்டுங்கன்னு போராடின விவசாயிகளைக் கேள்விப்பட்டிருப்பீங்க. "கட்டின அணையில தண்ணி தேக்காதீங்க"ன்னு ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போன ஊர் இது.

20/
இங்க ஒரு தேதியைக் கவனிங்க. 1994-ல ஜெர்மனி சட்டத்தைத் திருத்துது: கேன்சர் உண்டாக்கும் அமீனாகப் பிளக்கற அஸோ சாயம் போட்ட துணி உள்ளே வரக்கூடாது. ரென் சொல்லி 99 வருஷம் கழிச்சு. அப்புறம் மொத்த ஐரோப்பாவும். நம்ம அரசும் 1990-களில் பென்சிடின் வகையும் சேர்த்து நூத்துக்கு மேற்பட்ட சாயங்களைத் தடை பண்ணுச்சு.

21/
திருப்பூர் உடனே மாறுச்சு. சில வருஷத்துல 'அஸோ ஃப்ரீ' டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ஷிப்மென்ட் போகாதுங்கற நிலைமை. தொழிலாளிக்கும் அது நல்லதுதான், மறுக்கல.

ஆனா அந்தச் சட்டம் பார்த்தது துணியை. வாங்கறவர் தோலில் என்ன படுதுன்னு பார்த்துச்சு. துணியைத் துவைச்ச தண்ணி எங்க போச்சுன்னு அது கேட்கல.

22/
அந்தக் கேள்வியைக் கேட்டது நம்ம விவசாயிகளும் நம்ம கோர்ட்டுகளும். 1996-ல வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் 'மாசு செஞ்சவரே ஈடு கட்டணும்' என்பது நம்ம நாட்டுச் சட்டத்தின் பகுதின்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. பாலாற்றங்கரையில் பிறந்த தீர்ப்பு நொய்யலுக்கும் ஆயுதம் ஆச்சு.

23/
1998-ல சென்னை உயர் நீதிமன்றம் சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடச் சொன்னது. நூத்துக்கு மேல மூடினாங்க. மத்தவங்க தனியாவோ, சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையமாவோ கட்டினாங்க.

சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுக் கசடைப் படிய வைக்கறது அந்த முறை. தண்ணி தெளிஞ்சு வந்துச்சு.

24/
இங்கதான் 9-ஆம் ட்வீட்டை ஞாபகப்படுத்தறேன். நிறம் போச்சு. உப்பு அப்படியே போச்சு ஆத்துக்கு. பிரிச்செடுத்த கசடு மூட்டை மூட்டையா நிலைய வளாகத்துலயே குவிஞ்சுது. பார்க்க சுத்தமா இருக்கற தண்ணி பாய்ஞ்ச வயல் வெள்ளையா உப்புப் பூத்துச்சு.

25/
2004-ல 'லாஸ் ஆஃப் ஈகாலஜி அத்தாரிட்டி'ன்னு ஒரு ஆணையம் கணக்குப் போட்டுச்சு. 68 கிராமம், 28,596 விவசாயிகள், இழப்பீடு 24.79 கோடி ரூபாய்.

பெரிய தொகை மாதிரி தெரியும். வகுத்துப் பாருங்க. சராசரியா ஒரு விவசாயிக்கு 8,700 ரூபாய் கூட வராது. ஒரு போர் போடக்கூடப் பத்தாது. அந்தக் கணக்கில் பயிரும் நிலமும் இருந்துச்சு. உடம்பு இல்ல.

26/
2006 டிசம்பர்: உயர் நீதிமன்றம் கழிவு ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் போட்டுச்சு, 6 பைசாவில் ஆரம்பிச்சு 10 பைசா வரை. கெடுவுக்குள்ள 'ஜீரோ டிஸ்சார்ஜ்', அதாவது ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாது. கெடு நீண்டுச்சு. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் மூணு மாசம் கொடுத்துச்சு. அதுவும் போச்சு.

27/
2011 ஜனவரி 28. சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, பொது சுத்திகரிப்பு நிலையம் எல்லாத்தையும் மூடு, கரண்ட்டை வெட்டுன்னு உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. சாயம் இல்லேன்னா கட்டிங் இல்ல, கட்டிங் இல்லேன்னா டெய்லர், செக்கிங், பேக்கிங் யாருக்கும் வேலை இல்ல. துணி லாரி ஏறி வேற மாவட்டத்துக்கும் வேற மாநிலத்துக்கும் சாயம் போடப் போச்சு. போன இடத்து ஆறு பாவம்.

28/
அப்போ 'விவசாயி எதிர் தொழிலாளி'ன்னு பேசினாங்க. இந்த ஊரை உள்ளிருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அது பாதிதான் உண்மை. கிணறு உப்பாகி தோட்டத்தை விட்ட அப்பாவோட பையன்தான் பல வீட்டுல பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போறான். ரெண்டு நஷ்டமும் ஒரே சாப்பாட்டுத் தட்டுலதான் விழுந்துச்சு.

29/
அப்புறம் என்ன ஆச்சு? அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்துச்சு. ஆர்.ஓ.வும் ஆவியாக்கிகளும் வந்துச்சு. தண்ணியில் 90 சதவீதத்துக்கு மேல திரும்ப எடுத்து மறுபடி சாயத்துக்கே விடறாங்க. உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தறாங்க. ஏற்றுமதி இன்னைக்கு 30,000 கோடியைத் தாண்டியாச்சு.

"சுத்தம் பண்ணச் சொன்னா தொழிலே செத்துடும்"னு சொன்னவங்க இந்தக் கணக்கைப் பார்க்கணும். செத்தது தொழில் இல்ல.

30/
முழுசா சரியாச்சான்னா, இல்ல. மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் இன்னும் குடோன்ல கிடக்கு. மழை பெய்யற ராத்திரி திருட்டுத்தனமா திறந்துவிடறதும், மறுநாள் ஆத்துல நுரை பொங்கறதும் செய்தியில் வந்துக்கிட்டேதான் இருக்கு.

31/
கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். ரசாயனம் கண்ணுக்குத் தெரியாம போனா எவ்வளவு தூரம் போகும்?

1980-களின் கடைசியில் பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக் கடல் உயிரியல் மையமும் ஜப்பான் ஆய்வாளர்களும் வெள்ளாற்றுப் பக்க நெல்வயல்ல ஒரு ஆய்வு செஞ்சாங்க. நம்ம தாத்தாக்கள் வயலில் தூவின பி.எச்.சி. பவுடர் எங்க போகுதுன்னு பார்த்தாங்க.

32/
மண்ணுல தங்கினது கொஞ்சம். ஆத்துல போனதும் கொஞ்சம். மிகப் பெரும்பகுதி வெயிலுக்கு ஆவியாகிக் காத்துல கிளம்பிடுச்சு. இந்த வகை ரசாயனம் சூடான ஊரில் கிளம்பும், குளிர்ந்த ஊரில் இறங்கும். வடதுருவக் கடல் தண்ணியில் அதிகமா அளக்கப்பட்ட பூச்சிமருந்துகள்ல இதுவும் ஒண்ணு. அங்க மீனையும் சீலையும் தின்னு வாழற இன்யூட் தாய்மாரின் பாலில் பி.சி.பி. போன்ற ரசாயனங்கள் இருந்ததும் 1980-களில் தெரிஞ்சது.

33/
துணியும் இதுக்கு விலக்கு இல்ல. தண்ணி ஒட்டாத ஜாக்கெட்டுக்குப் போடற ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம் பனிக்கரடி உடம்பு வரைக்கும் போயிருக்கு. 2020-ல கனடா ஆய்வாளர்கள் ஆர்க்டிக் கடலடி மண்ணில் நீல ஜீன்ஸ் இழைகளைப் பார்த்தாங்க. சாயத்தை விட்ட ஊர் வேற, உடுத்தின ஊர் வேற, சேர்ந்த இடம் வேற.

34/
ரியாக்டிவ் சாயம் அப்படிப் பறக்காது. உப்பும் பறக்காது. அதுதான் நம்ம தலைவிதி. பறக்கற விஷத்தை உலகமே சேர்ந்து 2001-ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் போட்டுத் தடுக்குது. பறக்காத விஷம் ஒரத்துப்பாளையத்துச் சேற்றில் கிடக்கும். அதைக் கேட்க அந்த ஊர்க்காரங்க மட்டும்தான்.

35/
சரி, ஆரம்பக் கேள்விக்கு வருவோம். சாயத்தண்ணியால கேன்சர் வருமா?

• கலர் பனியன் போடறவங்க: தடை செய்யப்பட்ட சாயம் இல்லாத துணின்னா பயப்பட வேண்டாம்.
• கிணத்துல உப்பு ஏறின ஊர்க்காரங்க: உங்க முதல் பிரச்னை உப்பு. பி.பி., கிட்னி நோயாளிகளுக்கு அது நேரடிச் சுமை. கொதிக்க வச்சா உப்பு போகாது, இன்னும் கெட்டியாகும். தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. டி.டி.எஸ். 2,000-க்கு மேலன்னா குடிக்கவே கூடாது.

36/
• பட்டறைக்குள்ள வேலை பார்த்தவங்க: பழைய சாயப்பொடியை 1990-களுக்கு முன்னாடி கையால அள்ளினவங்கதான் நிஜமான ரிஸ்க் குரூப். சிறுநீர்ப்பைக் கேன்சர் வெளிப்பட இருபது வருஷத்துக்கு மேல ஆகும். அதாவது அவங்க இப்போதான் ஓபி-க்கு வர்ற வயசு. வலி இல்லாம சிறுநீர்ல ரத்தம் போனா ஒரே தடவைன்னாலும் அலட்சியம் வேண்டாம். பீடி, சிகரெட் அதைவிடப் பெரிய காரணம், அதையும் நிறுத்துங்க.

37/
• தொட்டி சுத்தம் பண்றவங்க: கிளாபர் உப்பு ஒரு சல்ஃபேட். காத்தில்லாத கசடுக்குள்ள பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவா மாத்தும். முதல்ல அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினா மூக்கே மரத்துப்போய் நாத்தம் தெரியாது. அப்புறம் ரெண்டு மூச்சு. காப்பாத்த இறங்கற ரெண்டாவது ஆளும் சாவார். யார் சொன்னாலும் இறங்காதீங்க. கேன்சருக்கு இருபது வருஷம், இதுக்கு ரெண்டு நிமிஷம்.

38/
கடைசியா என் சக டாக்டர்களுக்கு.

நம்ம கேஸ் ஷீட்டில் 'தொழில்'னு ஒரு கட்டம் இருக்கு. அதில் நாம எழுதறது பெரும்பாலும் 'கூலி'. 'சாயப்பட்டறை, வின்ச், 1988 முதல் 2003 வரை'ன்னு எழுத இருபது செகண்ட் கூடுதலா ஆகும். தொழில்சார் கேன்சரை டாக்டர் அரசுக்குத் தெரிவிக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே 89-ஆம் பிரிவு போட்டு வச்சாங்க.

39/
நாம 'கூலி'ன்னு எழுதினா அந்த ஆளோட வியாதி எந்தக் கணக்குலயும் வராது. கணக்குல வராத வியாதிக்கு இழப்பீடு கிடையாது, ஸ்க்ரீனிங் கேம்ப் கிடையாது, கோர்ட்டுல ஆதாரம் கிடையாது. தென்னை மரத்துக்குக் கணக்குப் போட ஒரு ஆணையம் வந்துச்சு. அதைத் தண்ணி பாய்ச்சினவருக்கும், அந்தத் தண்ணியைக் கலக்கினவருக்கும் கணக்கு நம்ம பேனாவில் இருந்துதான் ஆரம்பிக்கணும்.

40/
நீங்களோ உங்க வீட்டுலயோ யாராவது பட்டறையில் வேலை பார்த்திருந்தா, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனாலும் டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: என்ன வேலை, எந்த வருஷத்துலிருந்து எந்த வருஷம் வரை.

பட்டறைக்காரங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல 36, 37 ரெண்டையும் போட்டுவிடுங்க.